கன்னத்தில் ஏழு கீறல்

முதலில் எடை. இருபத்தைந்து கிராம்.
தராசு என்னைப்போல் தயங்குவதில்லை.
பிறகு விளிம்பு:
லாட்வியாவைக் கடவுள் காக்கட்டும் என்று
வட்டமடித்து ஓடும் எழுத்துகளை
நகத்தால் படித்துவிட்டு
முதுகில் ஈயத்தின் தழும்பு தேடுவேன்.
இருந்தால்,
யாரோ ஊசி பற்றவைத்து மார்பில் குத்தியிருக்கிறார்கள்,
யாரோ பயந்துபோய்ப் பிடுங்கியிருக்கிறார்கள்.

பிறகுதான் முகம்.
மில்டா என்று ஊரே பெயர்சொல்லி அழைக்கும் பெண்,
தலையில் கதிர், தோளில் பின்னல்.
மேடான இடம்தான் முதலில் தேயும்:
கன்னம், காதுக்கு மேல் முடி, பின்னலின் புடைப்பு.
பள்ளத்தில் கிடப்பவை பிழைத்துக்கொள்ளும்.

மங்கலெல்லாம் தேய்மானம் அல்ல.
அச்சு அரைகுறையாய் விழுந்த முகமும் மங்கல்தான்,
அதன் தோல் மட்டும் இன்னும் பிறந்த அன்றுபோல் இருக்கும்.
விளக்கைச் சாய்த்து
காசை மெல்லத் திருப்பினால்
வண்டிச் சக்கரத்தின் ஆரம்போல்
ஒளி சுற்றிவர வேண்டும்.
தேய்ந்த முகத்தில் அது வழுக்கி விழுந்து
எழுந்திருப்பதில்லை.

ரீகாவின் டிசம்பர்ச் சேற்றை
பூட்ஸோடு உள்ளே கொண்டுவந்தார் ஜித்ரா கல்வானே.
சமையலறைத் துண்டை அவிழ்த்தார்.
ஐந்து லாட் வெள்ளி, நான்கு.
"ராத்திரி முழுக்கப் பற்பொடி போட்டுத் தேய்த்தேன்.
அழுக்கோடு கொண்டுவந்தால்
என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?"

நான்கும் பல்லிளித்தன.
உருப்பெருக்கியில் பார்த்தேன்: உள்ளே மழை,
ஒரே சாய்வாய்ப் பெய்துகொண்டிருந்தது.

"வெள்ளி விலைதான்" என்றேன்.
"அதற்கு மேல் கொஞ்சம்."

"அண்ணனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?"

எய்ஜென்ஸ் போன வியாழக்கிழமை வந்திருந்தார்.
அதே ஆப்பிள் மரத்தடி, அதே ஜாடி, அவர் பங்கு நான்கு.
கையைக்கூடக் கழுவாமல் வந்தவர்
மும்மடங்கு வாங்கிப்போனார்.
அடுத்தவர் கணக்கைச் சொல்வதில்லை என்றேன்.

"அவன் சோம்பேறி" என்றார்.
"சின்ன வயதிலிருந்தே
எதையும் துடைக்கமாட்டான்."
அதனால்தான் அம்மா, என்று
தொண்டைவரை வந்ததைத்
தண்ணீர் குடித்து இறக்கினேன்.

"ஜாடியில் வேறேதும் மிஞ்சியதா?"

"ஒன்று. எண்ணிக்கை ஒன்பது, பங்கு பிரியவில்லை,
நீயே வைத்துக்கொள் என்றுவிட்டான்.
உங்களிடம் காட்ட வெட்கம். கரி."

கைப்பையின் அடியிலிருந்து
பேருந்துச் சீட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
ஓரத்தில் நாவற்பழ நிறம், அதற்குள் நீலம்,
நடுவே காய்ந்த வைக்கோல்.
கன்னம் முழுசாய்.
விளக்கடியில் ஒளி ஒரு சுற்று வந்தது,
சந்தேகம் தீர இன்னொரு சுற்று.

குரல் நடுங்காமலிருக்க இருமிக்கொண்டேன்.
கரிக்குக் கரி விலை என்ற வாக்கியம்
முப்பத்தொரு வருடத் தொழிலில்
எப்போதும் நாக்கு நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறது.
அதைத் தள்ளிவிட்டு
உண்மையான தொகையைச் சொன்னேன்.

நம்பவில்லை அவர்.
இதிலா, என்று கையில் வாங்கினார்.
"ஹா" என்று ஊதினார்.
பேருந்து ஜன்னலில் பனியைத் துடைப்பதுபோல்
கம்பளிக் கையுறையால்
கன்னத்தில் ஒன்று, இரண்டு, மூன்று.

என் கத்தல் நான்காவதாக வந்தது.

"இப்போது தெரிகிறது" என்றார்,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.
"அழகிதான்."

சொன்ன தொகையை எண்ணிக் கொடுத்தேன்.
அவர் மறுபடி எண்ணினார்.
மற்ற நான்கையும் துண்டிலேயே முடிந்துகொண்டார்:
பளபளப்பானதை இந்த விலைக்கு விற்க
அவருக்கென்ன பைத்தியமா?

கதவைச் சாத்திய பிறகு எண்ணினேன், ஏழு.
விவரச் சீட்டில் எழுதினேன்:
கன்னத்தில் கீறல் ஏழு. புதியவை.
கம்பளி. பதினோராம் தேதி, நண்பகல்,
என் கண்ணெதிரே.

விலைக் கட்டத்தை மட்டும்
இன்னும் நிரப்பவில்லை.